யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சுண்ணக்கல்லில் நாலு மாடி விரிவுரைக் கட்டடம்: கேள்விமனுவுக்கு முன் நிலத்தடியில் எதைப் பார்ப்பது?

வரைபடமேசை (கேள்வி; எழுதுவோர் பெயர்கள் எல்லாம் புனைபெயர்):

1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் (இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்) தொடங்கினபோது இருந்த தேவை வேறு, இன்றைய தேவை வேறு. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. திருநெல்வேலியில் மிஞ்சினவற்றுக்குப் பக்கவாட்டில் விரிய இடமில்லை. சுற்றிவர வீடுகள், வளவுக்கு ஒரு கிணறு. இனிக் கட்டுவதெல்லாம் மேல்நோக்கித்தான்.

கணக்குக்கு ஒரு மாதிரிக் கட்டடத்தை எடுப்போம். தரைத்தளமும் மூன்று மாடியும், 32 தூண்கள், 1,000 சதுர மீற்றர் கூரை, நாளுக்கு 800 மாணவர். மேலே ஒன்றரை மீற்றர் செம்மண், அதன் கீழ் சுண்ணக்கல். காணியின் நாலு மூலையிலும் போட்ட துளைகளில் மூன்றில் நல்ல கல், ஒன்றில் 3 மீற்றருக்குக் கீழ் துளைக்கம்பி தானாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெளிவு வேண்டியது மூன்று விடயம். நாலு துளை போதுமா, தூணுக்குத் தூண் தனித்தனிப் பூட்டிங் (தூணடி அத்திவாரம்) போடலாமா, ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் ஒரே தட்டாக அத்திவாரம்) போடவேண்டுமா? மலசலகூடத்துக்கு வழக்கமான செப்ரிக் தாங்கியும் ஊறல்குழியும் என்று அளவுப்பட்டியலில் எழுதுவது சரியா? கொங்கிறீற்றுக்கு மணலும் தண்ணீரும் எங்கிருந்து வரலாம் என்பதை எப்படி எழுதுவது?

சுண்ணக்கல்:

நாலு துளை இந்த நிலத்துக்குக் காணாது. மூலையில் கல் இருப்பது நடுவில் கல் இருப்பதற்குச் சாட்சி அல்ல. மழைநீர் கல்லைக் கரைத்த இடமெல்லாம் வெடிப்பும் பொந்தும். சிலது வெறும் பொந்து, சிலது செங்களி அடைத்தது. ஒரு துளையில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளிப் போட்டால் கதையே மாறும். கோர் (உருளையாகக் கல் மாதிரி) எடுக்கும் துளை நாலோடு நிற்கட்டும், அது விலை கூடின வேலை. அதற்கு மேலே தூணுக்கு ஒன்றாக 32 சோதனைத் துளை போடுங்கள். காற்றில் ஓடுகிற சாதாரண துளைக்கருவி போதும், கோர் தேவையில்லை. பூட்டிங் அடிமட்டத்தில் இருந்து அகலத்தின் இரண்டு மடங்கு அல்லது 4 மீற்றர், எது கூடவோ அவ்வளவு ஆழம். சதுரப் பூட்டிங் கொடுக்கும் அழுத்தம் அகலத்தின் இரண்டு மடங்கு ஆழத்தில் பத்திலொரு பங்காகக் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அளவு. நடுத்துளை சந்தேகம் காட்டினால் அந்தப் பூட்டிங்கின் நாலு மூலையிலும் மேலும் நாலு.

துளை போடும்போது பக்கத்தில் ஒருவர் கொப்பியோடு நிற்கவேண்டும். ஒவ்வொரு 25 சென்ரிமீற்றருக்கும் எத்தனை விநாடி என்று எழுதட்டும். கம்பி சடாரென்று விழுந்தால் பொந்து. தூசி மேலே வராமல் நின்றால் காற்று வெடிப்புக்குள் போகிறது. வெள்ளைத் தூசி சிவப்பாக மாறினால் களி அடைத்த பிளவு. இந்த மூன்றையும் எழுதாத துளைக்குக் காசு கொடுப்பதில் பிரயோசனம் இல்லை.

பிறகு என்ன செய்வது என்பது கண்டதைப் பொறுத்தது. களி அடைத்த பிளவு என்றால் களியை அள்ளி, பிளவின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு மெலிந்த கொங்கிறீற் அடைத்து அதன் மேல் பூட்டிங் வைக்கலாம். சின்னப் பொந்து என்றால் கிறௌட், அதாவது துளைக்குள் சீமெந்துக் கரைசலைச் செலுத்தி அடைப்பது. 75 மில்லிமீற்றர் துளை 4 மீற்றருக்கு 18 லீற்றர்தான் பிடிக்கும். 50 கிலோ சீமெந்தை 25 லீற்றர் தண்ணீரில் கரைத்தால் 41 லீற்றர் வரும். ஆகவே அரைப் பையில் நிரம்ப வேண்டிய துளை பத்துப் பை குடித்தால், கீழே பொந்து இருக்கிறது அல்லது அது எங்கோ ஓடுகிறது. அப்போது அழுத்தத்தைக் கூட்டாமல் நிறுத்துங்கள். அடுத்த நாள் மணல் கலந்த தடித்த கலவையால் அடைத்து, இறுகின பிறகு திரும்பத் துளைத்துப் பாருங்கள். அந்த ஓட்டத்தின் மறுமுனை அயல்வீட்டுக் கிணறாக இருக்கலாம். கிறௌட் நாட்களில் 50 மீற்றருக்குள் உள்ள கிணறுகளில் காலையும் மாலையும் பி.எச். (காரத்தன்மையின் அளவு, சீமெந்து கலந்தால் ஏறும்) பார்க்கவேண்டும். வழமையை விட்டு 8.5ஐத் தாண்டி ஏறினாலோ தண்ணீர் கலங்கினாலோ வேலையை நிறுத்துங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

ராஃப்ட் வேண்டுமா என்றால், துளைகளில் பத்துக்கு மேல் கெட்டது வந்தால்தான் யோசிப்பேன். அதற்குக் குறைய என்றால் தனிப் பூட்டிங்கும், ஒரு தூண் ஆதாரம் இழந்தாலும் பாரத்தை அயல் தூண்களுக்குக் கடத்தக்கூடிய ஆழமான இணைப்புப் பீம்களும் மலிவு. ராஃப்ட் போட்டால் துளை தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு அகலப் பொந்தை ராஃப்ட் தாண்டவேண்டும் என்று தெரியாமல் அதற்குக் கம்பி கணக்கிட முடியாது.

நன்னீர்வில்லை:

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிசு. திருநெல்வேலி இருக்கிற வலிகாமப் பகுதியின் நிலத்தடி நன்னீர், உப்புத்தண்ணீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிற படை. மாரி மழையைத் தவிர அதற்கு வேறு வரவு இல்லை. அதற்குள் ஊறல்குழி என்றால் கிணற்றுக்குள் நேரே விடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு 45 லீற்றர், 800 பேருக்கு 36,000 லீற்றர். அதில் 80% கழிவாக வரும், ஏறத்தாழ 29,000 லீற்றர். ஒருவர் நாளுக்குக் கழிக்கும் நைதரசன் 10 முதல் 12 கிராம், அதில் மூன்றிலொன்று வளாகத்தில் என்றால் 800 பேருக்கு ஏறத்தாழ 3 கிலோ. அதை 29,000 லீற்றரில் போட்டால் லீற்றருக்கு ஏறத்தாழ நூறு மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை நைத்திரேற்றாக 50, நைதரசனாக எழுதினால் 11.3 மில்லிகிராம். செப்ரிக் தாங்கி மண்டியைத் தடுக்கும், நைதரசனைத் தொடாது. ஊறல்குழியில் இருந்து இறங்கும் அமோனியா செம்மண்ணிலேயே நைத்திரேற்றாகி, வெடிப்பு வழியாக வடிகட்டப்படாமல் போகும். பச்சைக் குழந்தைக்குப் பால் கரைக்கிற வீட்டுக் கிணறு மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வளாகம் வளருகிற பாரத்தை அந்த வீடு சுமக்கக்கூடாது.

செய்யக்கூடியது இது. இரண்டு அறைத் தாங்கி, முதலறை மூன்றில் இரண்டு பங்கு. அதன்பிறகு மேலிருந்து கீழே வடிகிற, கல்வாழை நட்ட மணற்படுக்கை. அது அமோனியாவை நைத்திரேற்றாக்கும். அந்தத் தண்ணீரில் பாதியைச் சின்னப் பம்பியால் தாங்கியின் முதலறைக்குத் திருப்பிவிடுங்கள். அங்கே ஒட்சிசன் இல்லை, கழிவில் காபன் நிறைய இருக்கிறது, நைத்திரேற்று நைதரசன் வாயுவாகிப் போய்விடும். மிச்சம் கிடையாக ஓடும் இரண்டாவது படுக்கை வழியாகப் போகட்டும். படுக்கை இரண்டுக்கும் 300 முதல் 400 சதுர மீற்றர், எங்கள் அளவில் ஒன்றரைப் பரப்பு. இடம் இல்லை என்று முதலில் வெட்டுப்படுவது இதுதான். ஆகவே கட்டடத்தின் நிலையைக் குறிக்கும் அதே வரைபடத்தில் இதையும் குறித்துவிடுங்கள்.

இது கெடும் இடங்கள் தெரிந்தவைதான். தூசி மணல் போட்டால் ஒரு வருடத்தில் மேற்பரப்பு அடைபடும். கழுவின பருமணல் வேண்டும், படுக்கையை இரண்டாகப் பிரித்து வாரம் மாறி ஓய்வு கொடுக்கவேண்டும். அடியில் 1 மில்லிமீற்றர் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் விரிப்பு, கல் குத்தாமல் அதன் கீழ் மணல். தாங்கியைத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். "எங்கள் தாங்கி நிரம்புவதே இல்லை, பவுசரே கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் தாங்கி அடியில் கொங்கிறீற் இல்லாத தாங்கி.

நீர் எடுப்பதிலும் ஒன்று. கோட்பாட்டின்படி நன்னீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழே உப்புத்தண்ணீர் 4 மீற்றர் மேலேறப் பார்க்கும். 36,000 லீற்றரை ஒரு குழாய்க்கிணற்றில் இரண்டு மணித்தியாலத்தில் இறைக்காதீர்கள். இரண்டு மூன்று ஆழமில்லாக் கிணறுகளில் நாள் முழுக்க மெதுவாக இறையுங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை ஆவணி, புரட்டாதியில் அளக்கவேண்டும். மார்கழியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான்.

வரைபடமேசை:

மிக்க நன்றி. கூரைத் தண்ணீரைக் கட்டடத்தைச் சுற்றி மீள்நிரப்புக் குழிகளில் விட்டால் வில்லைக்கு வரவு கூடும்தானே? 1,000 சதுர மீற்றரில் வருடத்துக்கு 1,250 மில்லிமீற்றர் மழை, 80% பிடித்தாலும் பத்து இலட்சம் லீற்றர் வருகிறது.

நன்னீர்வில்லை:

கணக்குச் சரி. ஆனால் அது உங்கள் பாவனையில் 28 நாளுக்குத்தான் காணும். தாங்கியில் சேர்ப்பதைவிட நிலத்துக்குள் விடுவது நல்லது. முதல் மழை கூரைத்தூசியைக் கழுவிப் போகட்டும். குழியில் பருமணல் வடியும், அள்ளிக் கழுவக்கூடிய வலையும் வையுங்கள்.

சுண்ணக்கல்:

விடுங்கள், ஆனால் கட்டடத்தைச் சுற்றி வேண்டாம். சுண்ணக்கல் நிலத்தில் தரை உள்வாங்குவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று ஒரே இடத்தில் குவிந்து இறங்கும் தண்ணீர். அது பொந்துக்கு மேலிருக்கும் செம்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துப் போகும். ஒருநாள் மேலே தரை இருக்கும், கீழே ஒன்றும் இராது. பீலிக்குழாய் நேரே தூணடியில் கொட்டுவது எல்லாவற்றிலும் மோசம். குழிகள் கடைசிப் பூட்டிங்கில் இருந்து 10 மீற்றராவது தள்ளி இருக்கட்டும், தண்ணீர் மூடின குழாயில் போகட்டும். கிறௌட் பிடித்த துளைகளின் பக்கம் ஒரு குழியும் வேண்டாம். கழிவுப் படுக்கையில் இருந்தும் 30 மீற்றர் விலகவேண்டும்.

மட்டப்பலகை:

மூண்டாவது கேள்வியை ஒருத்தரும் தொடேல்லை, அதுக்கு நான் சொல்லுறன்.

மணலுக்கு "நல்ல ஆற்றுமணல்" எண்டு மட்டும் எழுதிப்போட்டு விட்டிடாதேங்கோ. ஆற்றுமணல் தட்டுப்பட்டால் கரைமணல் கலந்துதான் வரும். குளோரைட் எவ்வளவு எண்டு இலக்கத்திலை எழுதுங்கோ. ஒரு கன மீற்றருக்கு 350 கிலோ சீமெந்து எண்டால், கம்பி போட்ட கொங்கிறீற்றிலை சீமெந்து நிறையின்ரை 0.4%, அதாவது 1.4 கிலோ குளோரைட்தான் மொத்தத்திலை இருக்கலாம். கழுவாத கரைமணல் 700 கிலோவிலை 0.2% இருந்தால் மணலே அந்த 1.4 கிலோவையும் முடிச்சிடும். தண்ணி, சல்லி, கலவை மருந்து ஒண்டையும் நான் இன்னும் சேர்க்கேல்லை. மணலுக்கு 0.05%, தண்ணிக்கு லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் எண்டு எழுதினால் எல்லைக்குள்ளை நிக்கும். பவுசர் தண்ணி எந்தக் கிணறு எண்டு ஒவ்வொரு தரமும் கேளுங்கோ, வெள்ளி நைத்திரேற்றுச் சோதனை சைற்றிலையே செய்யலாம்.

மேட்டுமணல், அதாவது மணல்மேட்டிலை அள்ளுற மணல், எல்லாம் ஒரே அளவுப் பொடி. அதை மட்டும் போட்டால் கலவை இறுக்கமாய் நிக்கும், உடனை வேலையாள் தண்ணியை ஊத்துவார், பலம் போயிடும். கருங்கல் உடைச்ச மணலோடை கலவுங்கோ. சல்லியும் வன்னிப்பக்கத்துக் கருங்கல்லாய் இருக்கவேணும், கிண்டின சுண்ணக்கல்லை உடைச்சுப் போட விடாதேங்கோ. அது தண்ணி குடிக்கும்.

கம்பிக்குக் கீழை சல்லித்துண்டு வைக்கிற பழக்கம் இன்னும் கிடக்கு. அதிர்வுக்கருவி விட்ட உடனை துண்டு உருண்டிடும், கம்பி பலகையிலை போய் இருக்கும். 50 மில்லிமீற்றர் சீமெந்துக் கட்டையை முதல் வாரத்திலையே வார்த்து, தண்ணியிலை ஊறப்போட்டு வையுங்கோ.

சோளகம் (தென்மேற்குப் பருவக்காத்து) அடிக்கிற மாதங்களிலை தட்டுக் கொங்கிறீற்றைப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போடுங்கோ. அந்தக் காத்திலை ஒரு மணித்தியாலத்துக்குள்ளை மேற்பரப்பு காஞ்சு முடி மாதிரி மெல்லிய வெடிப்பு வந்திடும். காத்து வாற பக்கம் தறப்பாள் கட்டி, மட்டம் தட்டின கையோடை பொலித்தீன் மூடுங்கோ. அடுத்த நாள் காலமை ஈரச்சாக்கு. ஏழு நாள் எண்டு எல்லாரும் எழுதுகினம், சோளகத்திலை பத்து நாள் வேணும். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஆறு கியூப், மூண்டு ஏழாம் நாள், மூண்டு இருபத்தெட்டாம் நாள். ஏழாம் நாள் பிழைச்சால் அடுத்த தட்டுக்குப் பலகை அடிக்காமல் நிண்டு காரணம் பாருங்கோ.

வரைபடமேசை:

கடைசியாக ஒன்று. பக்கத்தில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டின பழைய கட்டடம் இருந்தால் கல்லுடைக்கும் அதிர்வை எவ்வளவுக்குள் வைப்பது?

சுண்ணக்கல்:

அப்படிப்பட்ட கட்டடத்தின் அத்திவாரத்தில் விநாடிக்கு 3 மில்லிமீற்றர், அதற்கு மேல் வேண்டாம். வேலை தொடங்க முன்பே வெடிப்புகளைத் திகதியோடு படம் எடுத்து, பெரிய வெடிப்புகளுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித்துண்டு சாந்தால் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது. 15 மீற்றருக்குள் இடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவராமல், வரிசைத் துளை போட்டு விரிசாந்து (இறுகும்போது விரியும் கலவை) ஊற்றிக் கல்லைப் பிளக்கலாம். இரவு ஊற்றினால் காலையில் பிளந்திருக்கும், பரீட்சை மண்டபத்துக்கும் சத்தம் போகாது.

திகதி விடயத்தில் மட்டும் கவனம். ஐப்பசியில் பூட்டிங் குழி திறந்து கிடந்தால் செம்மண் கரைந்து குழிக்குள் வரும், துடைத்து வைத்த கல்லின் மேல் களி படியும், திரும்பவும் கழுவித் துப்புரவாக்கவேண்டும். தை மாதத்தில் ஒப்பந்தம் கைக்கு வரும்படி கேள்விமனுவை விட்டால், சோதனைத் துளையும் கிறௌட்டும் பங்குனிக்குள், பூட்டிங் ஆடிக்குள், இணைப்புப் பீமும் மண் நிரப்பலும் புரட்டாதிக்குள் முடியும்.