பவர் பேங்க்கில் எழுத்து அழிந்துவிட்டது, விடுவார்களா?

பெங்களூரு நண்பர்களே, ஒரு உதவி. வெள்ளிக்கிழமை அப்பா முதல் தடவையாகத் தனியாக மதுரைக்கு விமானத்தில் போகிறார். கையில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க். அதைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும், தெரியும். உள்ளே உள்ள பேட்டரியின் 3.7 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் அது சேமிக்கும் மின்சாரம் 74 வாட் ஹவர். 100 வரை தனி அனுமதி வேண்டாம். சிக்கல் வேறு. தோள்பையில் சாவிக்கொத்தோடு உரசி உரசி, பின்பக்கத்தில் இந்த அளவைக் காட்டும் எழுத்தெல்லாம் தேய்ந்து '20' மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பில்லும் இல்லை. சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டால் அப்பாவுக்கு எதிர்த்துப் பேச வராது. அவருடைய பழைய போனில் சார்ஜும் நிற்காது, இறங்கியதும் எங்களைக் கூப்பிட வேண்டுமே.

கெம்பேகௌடா விமான நிலையத்தில் இப்படி எழுத்து அழிந்ததை யாராவது கொண்டுபோனீர்களா? விட்டார்களா? இல்லை, புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடட்டுமா? வியாழன் இரவுக்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.