பனியன் கம்பெனியில் தின் கிளையண்ட்: என் அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. தின் கிளையண்ட் என்பது மேசையில் வைக்கும் ஒரு சின்னப் பெட்டி; திரை, கீபோர்டு மட்டும் அதில் இணைந்திருக்கும், வேலையெல்லாம் சர்வர் என்ற ஒரே பெரிய கம்ப்யூட்டரில் நடக்கும். அதைச் சொன்னதும் "விலை குறையுமா?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய காரணம் பஞ்சும் கரண்ட்டும்.

கட்டிங் பக்கம் இருக்கும் ஒரு சிபியூவைத் திறந்து பாருங்கள். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் மேல் பஞ்சு மெத்தைபோலப் படிந்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. சூடேறித் தானாகவே ஆஃப் ஆகிவிடும். நாங்கள் போட்ட தின் கிளையண்டில் ஃபேனும் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. மானிட்டருக்குப் பின்னால் மாட்டியதோடு சரி.

அப்புறம் கரண்ட். 2012இல் இந்தப் பக்கம் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில விநாடி போதும், சாயப்பட்டறைக்கு அனுப்பும் சலானைப் பாதி அடித்தவர் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். இதில் வேலை நடப்பது சர்வரில். மேசையில் கரண்ட் போனாலும் செஷன், அதாவது நாம் திறந்து வைத்த வேலை, அங்கே உயிரோடு இருக்கும். முதல் தடவை அப்படி ஆனபோது பில்லிங் அக்கா, "ஏனுங்க, நான் அடிச்சது அப்படியே இருக்குதுங்க!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். துண்டித்த செஷனைத் தானாக முடிக்காதபடி சர்வரில் செட் செய்வது முக்கியம். சர்வர், நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் இரண்டுக்கும் நல்ல யுபிஎஸ் வேண்டும்.

ஆனால் சர்வர் படுத்தால் ஆபீஸே படுத்துவிடும். அதனால் ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது), இரட்டை பவர் சப்ளை, வெளியே ஒரு பேக்கப் இல்லாமல் இறங்காதீர்கள். விண்டோஸ் சர்வர் என்றால், இப்படி அதற்குள் நுழைந்து வேலை செய்வதற்கான ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் ஆளுக்கோ மெஷினுக்கோ தனியாக வாங்க வேண்டும். 120 நாள் அது இல்லாமலும் ஓடும், பிறகு உள்ளே விடாது. கொட்டேஷனில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைந்து, துணியில் வெட்ட அடுக்கும் மார்க்கர் போடும் கேட் (CAD) பிரிவுக்கு மட்டும் சாதா பிசிதான் நல்லது.

ஈரோடு, பெருந்துறை பக்கம் பழைய பிசிக்களை நெட்வொர்க்கில் பூட் செய்து எல்டிஎஸ்பி (பழைய பிசியைத் தின் கிளையண்ட் ஆக்கும் இலவச லினக்ஸ் மென்பொருள்) ஓட்டுபவர்கள் இருந்தால், சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை எப்படி இணைத்தீர்கள் என்று எழுதுங்கள்.