தாராவி மாலை வகுப்புக்குச் சிறு நிதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தாராவி 90 அடிச் சாலை அருகே நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் சிறு நூலகமும் நடத்துகிறோம். அறக்கட்டளையாகப் பதிவு செய்தாயிற்று; வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் இரண்டும் கையில் இருக்கின்றன. தொண்டு அமைப்புகளுக்கான அரசின் தர்ப்பண் இணையதளத்திலும் பதிந்துவிட்டோம். இனிப் பணம்தான் பாக்கி!

பெரிய தொகை வேண்டாம். அறை வாடகை, ஆசிரியைகளுக்கு மதிப்பூதியம், இரண்டு அலமாரி, அவ்வளவே. ஆனால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் போனால், அந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 என்ற அரசுப் பதிவோடு மூன்றாண்டு அனுபவமும் வேண்டும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. எங்கள் அமைப்புக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ பதிவு அதைவிடக் கடினம்: மூன்றாண்டு இருப்பு, அதற்குள் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கு. நடக்கப் பழகிய பிள்ளைக்குத்தான் நடைவண்டி தருவோம் என்பதுபோல் இருக்கிறது.

புதிய அமைப்புகளுக்கும் கைகொடுக்கும் அறக்கட்டளையோ ரோட்டரி சங்கமோ மும்பையில் உங்களுக்குத் தெரியுமா? நீங்களே விண்ணப்பித்துப் பெற்றிருந்தால், வரவு செலவுத் திட்டத்தை எவ்வளவு விரிவாகக் கேட்டார்கள் என்றும் சொல்லுங்கள். மராத்தியில் கடிதம் எழுதித் தருபவர் இருந்தால் இன்னும் நல்லது. முன்பணம் கேட்கும் தரகர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.