மறு: ‘அவுட்லா கண்ட்ரி’க்குத் தமிழ்ச் சொல்

குழுவினருக்கு வணக்கம்.

‘கண்ட்ரி’ எனப்படும் அமெரிக்க இசைவகையின் ஒரு கிளையான ‘அவுட்லா கண்ட்ரி’க்கு (outlaw: சட்டத்திற்குப் புறம்பானவர்) ‘சட்டவிரோதக் கண்ட்ரி’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. 1970களில் இவ்வகைப் பாடகர்களான வேலன் ஜென்னிங்ஸும் வில்லி நெல்சனும் மீறியது நாட்டின் சட்டத்தை அன்று; கண்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்து இசைத்தட்டு நிறுவனங்களின் நடைமுறையை. எந்தப் பாட்டைப் பாடுவது, எங்கே பதிவுசெய்வது, உடன் யார் வாசிப்பது என அனைத்தையும் அங்கே தயாரிப்பாளரே முடிவுசெய்தார். பாப் இசை கேட்போரையும் ஈர்க்கும்பொருட்டு வயலின்களையும் குழுக்குரல்களையும் சேர்த்து மெருகேற்றினார். மேடைதோறும் தன்னோடு வாசித்த சொந்தக் குழுவைப் பதிவுக்கு அழைத்துவரக்கூட ஜென்னிங்ஸ் போராட வேண்டியிருந்தது. 1972இல் ஆர்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்ட பிறகே அவருக்கு அந்த உரிமை கிட்டியது. 1975இல் நெல்சன் மிகச் சில கருவிகளோடு பதிவுசெய்து கொடுத்த ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ தொகுப்பு, கொலம்பியா நிறுவனத்தாருக்கு முடிவுபெறாத மாதிரிப் பதிவாகவே தோன்றியது. ஆயினும் இசை குறித்த முடிவுரிமையை ஒப்பந்தம் நெல்சனுக்கே அளித்திருந்ததால் அதை அப்படியே வெளியிட்டனர்.

எனவே சொல்லின் வேர் ‘சட்டம்’ அன்று, ‘கட்டு’ என்பது என் துணிபு. ‘கட்டற்ற’ என்பதைக் கட்டற்ற மென்பொருளுக்கு (free software) ஏற்கெனவே வழங்கிவிட்டோம். பொருளாலும் அது இங்கே பொருந்தாது. கட்டே இல்லாதது கட்டற்றது. இவர்களோ கட்டுண்டு கிடந்து, முளைக்கயிற்றை மாடு அறுத்துக்கொள்வதுபோல் அறுத்துக்கொண்டவர்கள். ஆகையால் ‘கட்டறுத்த கண்ட்ரி’ என்றும், பாடகர்களைக் ‘கட்டறுத்தோர்’ என்றும் வழங்கலாம். ‘சட்டமறுப்பு’ என்றவுடன் தமிழருக்கு உப்புச் சத்தியாக்கிரகம் நினைவுக்கு வரும் என்பதால் அதையும் தவிர்க்கிறேன்.

மூலச் சொல்லில் உள்ள கொள்ளையர் சாயல் இதில் இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே, இந்த இழப்பு எனக்கும் உறுத்துகிறது. அந்தச் சாயலும் வணிகத்திற்கு உதவியது: ஜென்னிங்ஸ், நெல்சன், ஜெஸ்ஸி கோல்ட்டர், டாம்பால் கிளேசர் ஆகிய நால்வரின் 1976ஆம் ஆண்டுத் தொகுப்பு, காவல்துறை தேடும் குற்றவாளிகளின் சுவரொட்டிபோல் அட்டையிடப்பட்டு வந்து, கண்ட்ரி இசையில் முதன்முதலாகப் பிளாட்டினம் சான்று (பத்து இலட்சம் பிரதிகளுக்கானது) பெற்றது. எனினும் வேடத்திற்குப் பெயரிடுவதைக் காட்டிலும் செயலுக்குப் பெயரிடுவதே கலைச்சொல்லுக்குத் தகும்.

‘கண்ட்ரி’யை மொழிபெயர்க்க வேண்டாம். ‘நாட்டுப்புற இசை’ என்றால் படிப்பவர் தெம்மாங்கையும் கும்மியையுமே நினைப்பார்.