கார்பன் பிரஷ் மாற்றியும் பொறி பறக்கிறது: பழைய 82 மி.மீ. பிளேனர்

கேட்டவர்:
பத்து வருடமாக ஓடும் கை பிளேனர் (82 மி.மீ. அகலத்துக்கு மரம் சீவும் மின் இழைப்புளி), 580 வாட். மெஷின் விட்டு விட்டு ஓடியதால் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டு) ஜோடி வாங்கிப் போட்டேன். மூன்றே வாரத்தில் பாதி தேய்ந்துவிட்டது. காற்றுத் துளை வழியாகப் பார்த்தால், பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுற்றிப் பொறி. தேக்கில் 1 மி.மீ. ஆழம் வைத்தால் பிளேடு உருளை நிற்கிறது, மோட்டார் மட்டும் ஓடுகிறது. ஆர்மேச்சர் (மோட்டாரில் கம்பி சுற்றிய சுழலும் பாகம்) போய்விட்டது, மாற்று என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
இது இரண்டு தனிக் கோளாறு தம்பி. உருளை நின்று மோட்டார் ஓடினால் அது பெல்ட்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பக்க மூடியைக் கழற்றுங்கள். உள்ளே கறுப்பு ரப்பர் தூள் கிடக்கும், பெல்ட்டின் வரிகள் மழுங்கிப் பளபளக்கும். புதியதைச் சின்ன புல்லியில் முதலில் மாட்டி, பெரிய புல்லியைக் கையால் சுற்றியபடியே ஏற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள்நூல் அறுந்துவிடும்.

பிரஷ் சீக்கிரம் தேய்வதற்கு முதலில் கம்யூட்டேட்டர் பக்கத்து பேரிங்கைப் பாருங்கள். அதில் ஆட்டம் விழுந்தால் கம்யூட்டேட்டர் தள்ளாடும், பிரஷ் துள்ளும், துள்ளும்போதெல்லாம் பொறி. அந்தச் சூட்டில் செம்பும் கருகி, கரடாகி, பிரஷ்ஷைத் தின்னும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை ஜோடி போட்டாலும் காசு வீண்.

பதில் 2:
ஆர்மேச்சர் வாங்குமுன் சோதித்துவிடுங்கள். பெரும்பாலும் அதுதான் மெஷினிலேயே விலை கூடிய பாகம். மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளை, அதாவது பார்களை, அடுத்தடுத்து இரண்டிரண்டாகச் சுற்றிலும் அளக்க வேண்டும். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் கம்பிச் சுற்று நலம். ஓரிடத்தில் மட்டும் எகிறினால் கம்பி அறுந்திருக்கிறது, வெகுவாக இறங்கினால் ஷார்ட். பாருக்கும் ஷாஃப்டுக்கும் (நடு அச்சு) மின் தொடர்பே இருக்கக் கூடாது. எதிரெதிரே இரண்டு பார் மட்டும் கருகியிருந்தாலும் சுற்றில்தான் கோளாறு. எல்லாப் பாரும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பேரிங், பிரஷ், மைக்கா (பார்களுக்கு இடையே மின்சாரம் தாண்டாமல் தடுக்கும் தகடு) இவற்றில் தேடுங்கள்.

கேட்டவர்:
அளந்துவிட்டேன் அண்ணா. எல்லாப் பாரும் ஒரே அளவு, ஷாஃப்டுக்குத் தொடர்பு இல்லை. பின் பேரிங் நன்றாக ஆடுகிறது, 608 என்று போட்டிருக்கிறது. பார்களுக்கு நடுவே மைக்கா நகத்தில் இடறுகிறது.

பதில் 1:
அப்படியானால் ஆர்மேச்சரைக் காப்பாற்றலாம். 608 என்பது 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. கனம். பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லரால் கழற்றுங்கள், சுத்தியல் வேண்டாம். புதியதை அழுத்தும்போது உள்வளையத்தில் மட்டும் பொருந்தும் குழாய் வைத்து அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பாதையில் தழும்பு விழும், புது பேரிங்கே முதல் நாளிலிருந்து சத்தம் போடும். பாடியில் பேரிங் உட்காரும் குழியையும் பாருங்கள். பிளாஸ்டிக் உருகி அகன்றிருந்தால் பாடியை மாற்றுவதே தீர்வு. பசை போட்டு ஒட்டினால் சூட்டில் விட்டுவிடும்.

பதில் 2:
பேரிங் வாங்கும்போது ஒரு கவனம். மரத்தூள் புகாமலிருக்க எல்லாரும் இரு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் கேட்பார்கள். அதன் ரப்பர் உதடு உள்வளையத்தில் உரசும், இந்த வேகத்தில் சூடாகி கிரீஸ் போய்விடும். உரசாத ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள்: என்.டி.என். கம்பெனி என்றால் எல்.எல்.பி., என்.எஸ்.கே. கம்பெனி என்றால் வி.வி. என்று போட்டிருக்கும். கிடைக்காவிட்டால் உலோக மூடி உள்ள இசட்.இசட். போதும்.

மைக்கா செம்பைவிடச் சுமார் அரை மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். ஹேக்ஸா பிளேடின் பக்கங்களைச் சாணை பிடித்து மெலிதாக்கி, பள்ளத்தில் மட்டும் இழுங்கள். பாரின் ஓரத்துப் பிசிறையும் எடுத்துவிடுங்கள். கம்யூட்டேட்டர் வட்டம் குலைந்திருந்தால், மைக்காவில் கை வைக்குமுன் லேத்தில் மெலிதாக ஒரு சீவல் எடுக்க வேண்டும். இல்லையென்றால் 400 நம்பர் உப்புத்தாள் போதும். எமரி தாள் கூடவே கூடாது, அதன் துகள் பள்ளத்தில் தங்கி பார்களை ஷார்ட் செய்யலாம்.

கேட்டவர்:
பாதி தேய்ந்த பிரஷ்ஷையே திரும்பப் போடலாமா?

பதில் 1:
வேண்டாம், அதன் முகம் பழைய கரட்டுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புது ஜோடி போடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஹோல்டருக்குள் பிரஷ் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறுகினால் அதன் பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள், தளர்ந்தால் அது வேறு அளவு, கடையில் மாற்றுங்கள். சூட்டில் நீலம் பூத்த ஸ்பிரிங்கையும் தூக்கிப் போடுங்கள். பூட்டியதும் மரத்தில் வைக்காமல் பத்து நிமிடம் சும்மா ஓட்டுங்கள். பிரஷ் நுனியில் சின்னப் பொறி இருந்தால் பரவாயில்லை, வளையமாகச் சுற்றினால் நிறுத்திவிட்டு மைக்காவை மறுபடி பாருங்கள்.