மலைக்குடிசைக்கு விறகடுப்பு: கணப்புக்கும் சமையலுக்கும் ஒன்றே போதுமா? பார்த்ததைப் பகிருங்கள்

ரோடு போகாத ஒரு மலைக்குடிசை, ஓவன் வைத்த சமையல் அடுப்பு. சாயங்காலம் அருமையாக எரிந்தது. வாய் முட்ட விறகு அடுக்கிவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் தணல்கூட இல்லை, வாளித் தண்ணீர் மேலே பனி ஓடு. அடுப்பில் கோளாறு கிடையாது. மேல்தட்டும் ஓவனும் சட்டென்று சூடேற வேண்டும் என்பதால் இந்த வகையில் எரியறையைச் சின்னதாகத்தான் வைப்பார்கள். மணிக்கொரு தரம் விறகு கேட்கும். வாங்கும் முன் எரியறை நீளத்தை டேப் வைத்து அளங்க. 30 செ.மீ. தான் என்றால் மொத்த விறகையும் 25 செ.மீ. துண்டாக அறுக்கணும்.

*

இதுக்குத்தான் ஓவனே வேண்டாங்கிறது. மேல்தட்டு தட்டையா இருக்கிற பெரிய கணப்பு அடுப்பு வாங்குங்க. ராத்திரி காற்றைக் குறைச்சு வெச்சா காலை வரைக்கும் தணல் நிக்கும், தட்டு மேலேயே கொதிக்க வைக்கலாம், வதக்கலாம். ஓவன் அடுப்புல, புகையை நேரா குழாய்க்கு விடுற பைபாஸ் தகடுன்னு ஒண்ணு இருக்கும். பற்ற வைக்கும்போது அதைத் திறக்க மறந்தா புகை ஓவனைச் சுத்திப் போக முடியாம அறைக்குள்ளதான் வரும். ஒரு வீட்டுல ஓவனுக்கு அடியில புகைக்கரி கெட்டியா அடைச்சுக் கிடந்தது. அதைச் சுரண்டுற குட்டிக் கதவு சுவர்ப் பக்கம்! யாருக்குக் கை எட்டும்?

*

மேலே எழுதியவருக்கு: அந்த ‘காற்றைக் குறைச்சு’ என்கிற இடத்தில்தான் வினையே. சின்ன அறைக்கு 12 கிலோவாட் அடுப்பு வைத்திருந்தார்கள். வெக்கை தாங்காமல் எப்போதும் காற்றை அடைத்தே எரிப்பது வழக்கம். ஒரு நாள் குளிர் கூடியதும் முழுக்கத் திறந்துவிட, புகைக்குழாய் ரயில் வருவது போல உறுமியது. இணைப்பு செக்கச்செவேல் என்று பழுத்தது.

மூச்சுமுட்டி எரியும் விறகின் புகை, குழாய்க்குள் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறினால் தாராகப் படியும். அது பற்றிக்கொண்டால் 1000 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு வெடிக்கும். கதவையும் காற்றுத் திறப்பையும் இறுக மூடிவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு குழாயை முழுக்கப் பார்க்காமல் மறுபடி பற்ற வைக்கக் கூடாது.

ஆகவே அறைக்கு ஏற்ற அளவு, அல்லது ஒரு சுற்றுச் சின்னது. விறகு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈரமானியை முனையில் குத்தினால் பொய் சொல்லும்; கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். அடுக்கும்போது மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடவும். கெட்டி மரத்துக்கு ஒரு கோடை பெரும்பாலும் போதாது. கதவு ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறு தளர்ந்திருக்கிறதா? காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் மாற்றுங்கள். கேட்காத யோசனைதான், ஆனாலும் இது தெரியாமல் மாடலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

*

தார் என்றதும் இது. கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் கறுப்புச் சொட்டு விழுந்து, மேல்தட்டில் ‘சுர்’ரென்று பொரிந்து நாறியது. குழாயைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். நெளித்துச் சுருக்கிய முனை எப்போதும் அடுப்பைப் பார்த்துக் கீழே இருக்கணும். அப்போதுதான் வழிகிற தார் உள்ளேயே இறங்கி எரியும். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகு. துத்தநாகப் பூச்சுக் குழாய் கூடவே கூடாது, சூட்டில் அதன் புகை விஷம். கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 90 செ.மீ. உயரம், 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கிற எதைவிடவும் 60 செ.மீ. கூடுதல். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் எதிர்க்காற்று அடிக்கும்போதெல்லாம் புகை உள்ளே தள்ளும்.

*

ஓவனா தட்டா சண்டை இருக்கட்டும். வெந்நீர்ச் சுருள் (எரியறைச் சூட்டில் தண்ணீர் காய்ச்சும் குழாய்) வைத்த அடுப்பு எடுப்பவர்கள் கவனிக்க. ஒரு இடத்தில் சுருளின் இரண்டு பக்கமும் வால்வு, குளிர்காலத்தில் இரண்டையும் மூடிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்கள். ஆவி போக வழியில்லை, எரியறையின் பின்சுவர் பிளந்தது. அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம். அதற்கும் சுருளுக்கும் நடுவில் வேறு எந்த வால்வும் வரக் கூடாது.