லேப்டாப்பைக் கழட்டி ஃபேன், ரேம் மாத்தினேன், ஸ்கிரீன் வரவே இல்ல. உதவுங்க

பாம்பன் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா இதோட மல்லுக்கட்டுறேன். ஏழு வருஷப் பழைய லேப்டாப், அக்காவோட பி.எட். ரெக்கார்டு பூரா இதுலதான் இருக்கு. ஃபேன் கரகரன்னு கத்தி, அடிப்பக்கம் கொதிச்சு, பாதி வேலையில தானா அணைஞ்சிடும். புது ஃபேன், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒண்ணு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா 2.5 இன்ச் எஸ்எஸ்டி, மூணையும் வாங்கிட்டு வந்து நானே கழட்டினேன்.

அடிமூடியில 11 ஸ்க்ரூ. பத்து வந்துடுச்சு. சூடு வெளியேறுற ஓட்டை ஓரமா இருந்த ஒண்ணு துருவேறி அசையவே இல்ல. அழுத்தித் திருகித் திருகி அதோட தலை தேஞ்சு வழுவழுன்னு குழியாயிடுச்சு. அப்பா படகு இன்ஜின் வேலை பாக்குறவர். சால்டரிங் அயர்ன் நுனியை அந்தத் தலையில கொஞ்ச நேரம் வச்சு எடுத்தாரு, ரப்பர் பேண்டை மேல விரிச்சு அதுக்கு மேல ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருப்பினாரு. வந்துடுச்சு.

உள்ள பாத்தா ஃபேன் இறக்கையில தூசி சாதாரணத் தூசி மாதிரி பறக்கல. ஈரமா அப்பிக் கிடந்துச்சு. நகத்தால சுரண்டினா வெள்ளைப் பொருக்கா உதிருது. ரேம் சொருகுற இடத்துல ரெண்டாவது ஸ்லாட் ஓரமா பச்சையா ஏதோ பூத்திருக்கு.

எல்லாத்தையும் மாத்தி மூடிட்டேன். இப்ப பட்டனை அழுத்தினா லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கறுப்பு. கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மினுக்குது. இன்ஜின் சாமான் மாதிரி டீசல்ல பிரஷ் போட்டுக் கழுவிடலாம்னு அப்பா சொல்றாரு. செய்யலாமா?

உச்சிப்புளி டீச்சர்:
டீசல் மட்டும் வேண்டாம் தம்பி! அது எண்ணெய்ப் படலமா போர்டுல தங்கிடும், அதுல மறுபடி தூசி ஒட்டும்.

கேப்ஸ் லாக் மினுக்குறது சும்மா இல்ல. எத்தனை தடவை மினுக்கி நிறுத்துதுன்னு எண்ணுங்க. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும், உங்க மாடலோட சர்வீஸ் புத்தகத்துல அர்த்தம் போட்டிருக்கும். ரேம் மாத்தின கையோட இப்படி வந்தா முதல் சந்தேகம் ரேம் மேலதான். புது ரேமைக் கழட்டி வச்சிட்டு, பழசை மட்டும் முதல் ஸ்லாட்ல போட்டுப் பாருங்க. எங்க ஸ்கூல் லேப்ல பாதி "செத்துப்போன" மெஷின் இப்படித்தான் எந்திரிச்சுச்சு.

தொண்டி ரசிகன்:
பச்சையா இருந்தா ஈரம்தான் ப்ரோ. போர்டைக் கழட்டி ரெண்டு மணி நேரம் உச்சி வெயில்ல வைங்க, காஞ்சிடும்.

கீழக்கரை சர்வீஸ்:
வெயில்ல வைக்காதீங்க தம்பி. தண்ணி காயும், உப்பு அங்கேயே இருக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா நீர் கோத்துக்கும். நம்ம கரையில அது எத்தனை ராத்திரி தாண்டுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஃபேன் வேலையே வெளிக்காத்தை உள்ள இழுக்கிறதுதான். ஏழு வருஷமா உப்புக்காத்தை இழுத்து உள்ள அப்பியிருக்கு. தங்கமுலாம் மெலிஞ்ச இடத்துல கீழே இருக்கிற செம்பு அரிச்சுப் பச்சையா பூக்கும். நீங்க பாத்தது அதான். 1914-ல திறந்த உங்க ஊர் ரயில் பாலத்துக்கு ஆயுசு பூரா துரு சுரண்டிப் பெயின்ட் அடிச்சாங்க. 2025-ல திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி போட்டிருக்காங்க. லேப்டாப்புக்கு அந்தக் கவனிப்பை நாமதான் கொடுக்கணும்.

இப்ப செய்யுங்க. சார்ஜரைப் பிடுங்குங்க. மூடியைத் திறந்ததும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்க, அதுக்கு அப்புறம் பவர் பட்டனை 20 செகண்ட் அழுத்திப் பிடிங்க. இதைச் செய்யாம ரேம்ல கை வைக்கவே கூடாது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்க, எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில ஐபிஏன்னு கேட்டா தருவாங்க. மெடிக்கல்ல விக்கிற 70 வேண்டாம், அதுல தண்ணி கலந்திருக்கும். மெல்லிசான டூத் பிரஷை அதுல நனைச்சு ஸ்லாட்டோட நீளவாக்குல தேய்ங்க, குறுக்க தேய்ச்சா உள்ள இருக்கிற பின் வளையும். பச்சை போறவரைக்கும் பஞ்சை மாத்தி மாத்தி ஒத்தி எடுங்க. அரைமணி நேரம் காயட்டும். ரேம் காலைப் பென்சில் ரப்பரால தேய்க்கச் சொல்வாங்க, அடிக்கடி செய்தா தங்கமுலாம் போயிடும். எனக்கு அதுல சம்மதம் இல்ல.

ரேமைச் சாய்ச்சு உள்ள முழுசா தள்ளணும், தங்கக்கோடு வெளிய தெரியக் கூடாது. அப்புறம் கீழே அழுத்தினா ரெண்டு பக்கமும் கிளிப் "டிக்"னு பூட்டும். முதல் தடவை ஸ்கிரீன் வர ஒரு நிமிஷம்கூட ஆகலாம், அவசரப்பட்டு அணைச்சிடாதீங்க.

இன்னொண்ணு. ஃபேனோட சேத்து செம்புக்குழாயையும் தூக்கினீங்களா? தூக்கியிருந்தா சிப்போட சூட்டைக் குழாய்க்குக் கடத்துற பழைய தெர்மல் பேஸ்டைத் துடைச்சுப் புது பேஸ்ட் துவரம்பருப்பு அளவு வைக்கணும். ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3, 4-னு எண் இருக்கும், அந்த வரிசையில கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. அப்பா கைவேலை அருமை. ஆனா அந்த ஸ்க்ரூ பேட்டரிக்கு மேல இருந்திருந்தா சூடு வைக்கவே கூடாது.

பாம்பன் தம்பி:
காக்கா (அண்ணே), ராமநாதபுரம் போய் ஐபிஏ வாங்கிட்டு வந்தேன். முதல்ல டீச்சர் சொன்னபடி பழைய ரேமை மட்டும் முதல் ஸ்லாட்ல போட்டேன், ஸ்கிரீன் வந்துடுச்சு! அக்கா கத்தின கத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க. அப்புறம் ரெண்டாவது ஸ்லாட்டைத் தேய்ச்சேன், நாலு பஞ்சு பச்சையாச்சு. புது ரேமையும் அதுல போட்டேன், ரெண்டும் காட்டுது. செம்புக்குழாயையும் தூக்கியிருந்தேன், பேஸ்ட் வைக்கல. இப்ப வச்சிட்டேன்.

ஒரு பிரச்சினை மிச்சம். கீபோர்டுல ஒரே வரிசையில சில எழுத்து விழல.

கீழக்கரை சர்வீஸ்:
கீபோர்டு ரிப்பன் (பட்டை ஒயர்) கோணலா போயிருக்கும். பேட்டரியைப் பிடுங்கிட்டு, கனெக்டர் மேல இருக்கிற கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால மெல்லத் தூக்குங்க, அது பெட்டி மூடி மாதிரி மேல திறக்கும், இழுத்தா ஒடிஞ்சிடும். ரிப்பனை நேரா வாய்க்குள்ள வச்சு, வெள்ளைக்கோடு கனெக்டரோட ஒட்டி நிக்குதான்னு பாத்துட்டுத் தாழ்ப்பாளை மூடுங்க. பழைய ஹார்டு டிஸ்க்கை அழிச்சிடாதீங்க. ரெக்கார்டு எல்லாத்தையும் எஸ்எஸ்டிக்கு மாத்தி, அதுல திறக்குதான்னு அக்கா ஒவ்வொண்ணா பாத்த அப்புறம்தான் அதைத் தொடணும்.

பாம்பன் தம்பி:
எல்லா எழுத்தும் விழுது காக்கா. ரொம்ப நன்றி. டீச்சருக்கும் நன்றி. டிஸ்க்கைப் பாலித்தீன் கவர்ல போட்டு எடுத்து வச்சிட்டேன்.

அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. படகுல இருக்கிற ஜிபிஎஸ் பெட்டியோட ஒயர் கனெக்டர்லயும் இதே பச்சைதான். மிச்ச ஐபிஏவால துடைக்கலாமா?

கீழக்கரை சர்வீஸ்:
தாராளமா. பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு பின்னை மட்டும் துடைக்கச் சொல்லுங்க, ஸ்கிரீன் கண்ணாடியில பட வேண்டாம், மேல் பூச்சு போயிடலாம். நல்லா காஞ்சதும் கனெக்டர் வாய்ல சிலிக்கான் கிரீஸ் லேசா தடவிப் பூட்டணும். அதைச் செய்யும்போது இன்ஜின் ஓடக் கூடாது, பக்கத்துல பீடி, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஐபிஏ பெட்ரோல் மாதிரி பத்திக்கும்.